நிலத்தைக் கொடுத்தார்கள், ஆற்றைக் கொடுக்கவில்லை

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் பிரிவில் போயிற்று. மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் வாங்கிப் பார்த்து, வக்கீல் "சரி" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கடனுக்குக் கையெழுத்துப் போடுவேன்.

பழைய பத்திரங்களில் கடைசிப் பக்கத்தில் சில வரிகள் வரும். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, வழிநடைப் பாத்தியம், வண்டிப் பாத்தியம், தண்ணீர் பாயும் வாய்க்கால் பாத்தியம் என்று. உங்களில் பலர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரத்திலும் இது இருக்கும். எங்களுக்கு அந்த வரிகள் தலைவலி. ஒருவர் நிலத்தில் இன்னொருவருக்கு உரிமை இருந்தால், நாளைக்கு ஏலம் போட்டால் விலை போகாதே! அதனால் அடுத்தவர் உரிமை எதைக் கண்டாலும் எங்கள் வாயில் வந்த பெயர் "வில்லங்கம்".

ஓய்வு பெற்று இயற்கை விவசாயத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. சிவகங்கைப் பக்கம் நாலரை ஏக்கர். இந்த வில்லங்கம் என்ற சொல்லை என்னை மறுபடி யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று என் வேலி. இன்னொன்று, அமெரிக்காவில் நான் பார்த்த ஓர் ஆறு. வேலியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நிலம் வாங்கிய கையோடு கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தேன். மேற்கு ஓரத்தில் ஓடையை ஒட்டி ஒரு தடம் இருந்தது. பட்டாவில் அது இல்லை, புல வரைபடத்திலும் கோடு இல்லை. அதனால் அதையும் சேர்த்து அடைத்தேன். தை மாசம் அறுப்பு முடிந்ததும் கீதாரி ஒருவர் செம்மறிக் கூட்டத்தோடு வந்து நின்றார். "வேலி போட்டுட்டீக, சரி சார். ஆடு எப்புடிப் போகும்?" என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் பட்டாவை எடுத்து வந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "எங்கய்யா காலத்துலருந்து கம்மாய்க்கு இதுலதான் போறோம்" என்று சொல்லிவிட்டு, ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். சரியான பதிலைச் சொல்லிவிட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

ஓடைக்கரையில் ஒரு பத்திரம்

மறு வருஷம் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனேன். அவள் இருப்பது வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஸ்குவாலி ஆற்றின் கழிமுகத்துக்குக் கூட்டிப் போனாள். ரெய்னியர் என்ற பனிமலையில் பிறந்து, பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் போய்ச் சேரும் ஆறு அது. ஆற்றின் பெயர்தான் அங்கே வாழும் பழங்குடிக்கும் பெயர். சேற்றுக்கு மேல் மரப்பலகையில் நீளமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். கடல் ஏறும்போது காலடியில் தண்ணீர், இறங்கும்போது சேறு. நாம் பிச்சாவரத்தில் பார்ப்பது போல உப்பும் நன்னீரும் கலக்கும் இடம்.

அங்கே இருந்த விளக்கப் பலகைகளைப் படித்தபோதுதான் தெரிந்தது, பக்கத்து ஓடைக்கரையில் 1854 டிசம்பர் 26 அன்று ஒரு பத்திரம் எழுதியிருக்கிறார்கள் என்று. மெடிசின் க்ரீக் உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வந்ததும் அதைத் தேடி எடுத்து, பழைய பழக்கத்தில் வரி வரியாகப் படித்தேன்.

ஒரு தரப்பு அமெரிக்க அரசு. அதற்காகப் பேசியவர் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ். மறு தரப்பு நிஸ்குவாலி, புயாலப், இன்னும் சில பழங்குடிகள். அவர்கள் பக்கம் 62 பேருடைய குறி இருக்கிறது. நம் பழைய பத்திரங்களில் "இன்னார் கீறல்" என்று வருமே, அது மாதிரி. பேச்சு நடந்தது சினூக் என்ற வணிகப் பேச்சில். சந்தையில் மீனுக்கும் தோலுக்கும் பேரம் பேச உண்டான, சில நூறு சொற்கள் மட்டுமே உள்ள கலப்பு மொழி அது. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு 20 லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதி வாங்கினார்கள். விலை 32,500 டாலர், அதுவும் 20 வருஷத் தவணையில். நிஸ்குவாலி மக்கள் குடியிருக்க ஒதுக்கியது 1,280 ஏக்கர். அதுவும் ஆற்றை விட்டு விலகிய மேட்டுக்காடு.

இப்படி ஒரு பத்திரம் என் மேசைக்கு வந்திருந்தால், சம்மதம் எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர்களும் சும்மா இருக்கவில்லை. மறு வருஷமே சண்டை வந்தது. அதற்குப் பிறகு ஆற்றங்கரையையும் சேர்த்து ஒதுக்கீட்டைச் சுமார் 4,700 ஏக்கர் ஆக்கினார்கள். அந்தச் சண்டையில் முன்நின்ற தலைவர் லெஷையை 1858இல் தூக்கில் போட்டார்கள்.

ஆனால் அந்தப் பத்திரத்தில் மூன்றாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக மீன் பிடித்து வந்த எல்லா இடங்களிலும் மீன் பிடிக்கும் உரிமை இந்த மக்களுக்கு உண்டு. அதை அவர்கள் மற்ற குடிமக்களோடு பொதுவில் அனுபவிப்பார்கள். யாரும் பிடித்துக்கொள்ளாத திறந்த நிலத்தில் வேட்டையாடலாம், கிழங்கும் பழமும் சேகரிக்கலாம், குதிரை மேய்க்கலாம். இதுதான் அதன் சாரம்.

நிலம் போய்விட்டது. ஆனால் மீன், கிழங்கு, மேய்ச்சல் மூன்றையும் அவர்கள் கைவிடவில்லை. நம் பத்திரத்தின் கடைசிப் பக்க வரிகள் போலவே எனக்கு இது தெரிந்தது.

விற்றவர் நிறுத்திக்கொண்டது

இந்த மாதிரி வரிக்கு என்ன பலம்? 1905இல் ஒரு வழக்கில் அது தெரிந்தது. பக்கத்துக் கொலம்பியா ஆற்றங்கரையில் வைனன்ஸ் என்ற சகோதரர்கள் அரசிடம் முறையாகப் பட்டா பெற்று, மீன் அள்ளும் சக்கரம் போட்டு, யாகமா பழங்குடியினரை ஆற்றுக்கு விடாமல் தடுத்தார்கள். யாகமாக்களும் 1855இல் இதே மாதிரி உடன்படிக்கை செய்தவர்கள். பட்டா எங்களுடையது, நீங்கள் எப்படி உள்ளே வரலாம் என்பது சகோதரர்களின் வாதம். நான் கீதாரியிடம் சொன்ன அதே பதில்!

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உடன்படிக்கை என்பது அரசு பழங்குடிக்குக் கொடுத்த சலுகை இல்லை. பழங்குடி அரசுக்குக் கொடுத்தது. கொடுக்காததெல்லாம் அவர்களிடமே நிற்கிறது என்றது. அந்த நிலத்தின் ஒவ்வொரு துண்டின் மேலும், பட்டாவில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும், அந்தப் பாத்தியம் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் யார் வாங்கினாலும் அதோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்றது. இன்னொன்றும் முக்கியம். உடன்படிக்கையைக் கையெழுத்துப் போட்ட பழங்குடிகள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்களோ, அப்படித்தான் படிக்க வேண்டும்.

தோப்பை விற்கும்போது கிணற்றுப் பங்கை நிறுத்திக்கொள்கிறோம். தோப்பு பத்துக் கை மாறினாலும் அந்தப் பங்கு போகாது. அதே கணக்குதான்.

14 வயதில் முதல் கைது

தீர்ப்பு தாளில் இருந்தது. ஆற்றில் இல்லை. மாநில அரசு மீன்பிடிச் சட்டங்கள் போட்டு, பழங்குடிகள் ஆற்றில் வலை போடுவதைக் குற்றமாக்கியது. 1917 வாக்கில் ராணுவ முகாமுக்காக நிஸ்குவாலி மக்களின் நிலத்தில் சுமார் 3,300 ஏக்கரையும் எடுத்துக்கொண்டார்கள்.

1945இல் பில்லி ஃபிராங்க் என்ற நிஸ்குவாலிப் பையன் தன் ஆற்றில் வலை போட்டதற்காகக் கைதானான். வயது 14. அதற்குப் பிறகு 50 தடவைக்கு மேல் கைதானார். படகும் வலையும் பறிபோகும். வெளியே வந்ததும் மறுபடி ஆற்றில் இறங்குவார். 1960களில் அவரும் தோழர்களும் நடத்திய போராட்டத்தின் முறை இதுதான். தடுத்த இடத்தில் போய் மீன் பிடிப்பார்கள். நாம் உப்புச் சத்தியாக்கிரகம் படித்தவர்கள், நமக்கு இது சட்டென்று புரியும். 1964இல் நடிகர் மார்லன் பிராண்டோ கூட வந்து சேர்ந்து கைதானார்.

கடைசியில் 1970இல் மத்திய அரசே, பழங்குடிகளின் சார்பில், மாநில அரசின் மேல் வழக்குப் போட்டது.

"பொதுவில்" என்றால் எவ்வளவு?

1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். வழக்கு முழுக்க ஒரு சொல்லைச் சுற்றி நின்றது. "மற்றவர்களோடு பொதுவில்" என்றால் என்ன? மாநில அரசு சொன்ன அர்த்தம்: எல்லோரையும் போல அவர்களும் லைசென்ஸ் எடுத்து வரிசையில் நிற்கலாம். நீதிபதி அதை ஏற்கவில்லை. இரண்டு தரப்பு சேர்ந்து வைத்துக்கொண்ட பொதுச்சொத்து இது. ஆளுக்குப் பாதி என்றார்.

எதில் பாதி என்பதை இயற்கை விவசாயிகளான நாம் கவனிக்க வேண்டும். சால்மன் மீன் ஆற்றின் கூழாங்கற்களுக்கு நடுவே பொரிந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, சில வருஷம் கழித்துப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டை போட்டுச் செத்துப்போகும். செத்த மீனின் சத்து ஆற்றங்கரை மரங்களுக்குப் போகிறது. கடல் அனுப்பும் உரம் என்று சொல்லலாம். அதனால் முதலில் முட்டை போட எவ்வளவு மீன் மேலே ஏற வேண்டுமோ, அதை விட்டுவிட வேண்டும். மிஞ்சுவதில்தான் ஆளுக்குப் பாதி. விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு வாரம் பிரிக்கிற மாதிரி.

இன்னொன்றும் தீர்ப்பில் இருந்தது. மீன்வளத்தை நிர்வகிப்பதில் பழங்குடிகளும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் பங்காளிகள்.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. நீதிபதியின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். கடன் வாங்கிப் படகு வாங்கிய வெள்ளை மீனவர்கள் பலருக்குப் பிழைப்பு போனது நிஜம். கடன் கொடுக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தவனாக அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்த அரசு, இதில் இன்னொருவருக்குப் பங்கு இருக்கிறது என்று சொல்லவே இல்லை. 1979இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதி செய்தது.

மீனே இல்லாத ஆற்றில் பாதி எதற்கு?

நான் அதிகம் யோசித்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். பாதி மீன் கிடைத்தது. ஆனால் மொத்த மீனே குறைந்துகொண்டு வந்தது. அணைகள், வெட்டப்பட்ட காடு, சாலைகள். ஒன்றுமில்லாததில் பாதி வாங்கி என்ன செய்வது?

போராடி ஜெயித்தவர்கள் அப்போது ஆற்றைப் பராமரிக்கும் வேலையில் இறங்கினார்கள். தீர்ப்பு வந்த 1974இலேயே பழங்குடிகள் சேர்ந்து ஒரு மீன்வள ஆணையம் அமைத்தார்கள். பில்லி ஃபிராங்க் 30 வருஷத்துக்கு மேல் அதன் தலைவராக இருந்தார். தன்னைக் கைது செய்த அதே அரசோடும், காட்டை வெட்டிய மரக் கம்பெனிகளோடும் உட்கார்ந்து பேசினார். 2014இல் காலமானார். மறு வருஷம் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமகன் விருதை அவர் பெயருக்குக் கொடுத்தார்கள்.

சாலைக்கு அடியில் போடும் குழாய்ப் பாலம் நமக்குத் தெரியும். குழாயைத் தரைமட்டத்துக்கு மேலே தூக்கிப் போட்டால் தண்ணீர் அருவி மாதிரி விழும். மீன் ஏற முடியாது. மாநில நெடுஞ்சாலைகளுக்கு அடியில் இப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன. 2001இல் பழங்குடிகள் மறுபடி வழக்கு போட்டார்கள்: மீன் பிடிக்க உரிமை கொடுத்துவிட்டு, மீன் வரும் வழியை அடைப்பது உடன்படிக்கையை மீறுவது இல்லையா? அவர்கள் பக்கமே தீர்ப்பானது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பே நின்றது. மாநில அரசு சொந்தச் செலவில் குழாய்களை மாற்றி வருகிறது. குழாயை மாற்றினால் பழங்குடிக்கு மட்டுமா மீன் வரும்? எல்லோருக்கும்தான்.

நான் நடந்த கழிமுகமும் இப்படி மீட்ட நிலம்தான். 1904இல் பிரவுன் என்பவர் கடல் தண்ணீர் ஏறாமல் நீளமாகக் கரை போட்டு அந்தச் சேற்று நிலத்தைப் பண்ணையாக்கினார். நூறு வருஷத்துக்கு மேல் கரை நின்றது. வண்டல் வராமல் உள்ளே இருந்த மண் அமுங்கி இறங்கியது. 1974இல் அது பறவைகள், விலங்குகளுக்கான சரணாலயம் ஆனது. 2009இல் கரையை உடைத்து 762 ஏக்கரைக் கடலுக்குத் திறந்துவிட்டார்கள். பழங்குடியினரும் தங்கள் பக்கத்துக் கரைகளை உடைத்தார்கள். கடலுக்குப் போகும் மீன்குஞ்சுகள் தங்கி வளர்ந்து, உப்புத்தண்ணீருக்குப் பழகும் நாற்றங்கால் அந்த இடம். பண்ணையின் இரட்டைக் கொட்டகைகள் மட்டும் இன்றும் நிற்கின்றன. சரணாலயத்துக்கு இப்போது பில்லி ஃபிராங்கின் பெயர்.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. அங்கே சினூக் வகை சால்மன் இன்னும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. போன நிலத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு வரி 170 வருஷமாக உயிரோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றோடு முடிந்த கிரயமாக அவர்கள் அதை நினைக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஆற்றில் இறங்கி அதைப் புதுப்பித்தார்கள். உரிமையைக் கேட்ட கையாலேயே ஆற்றையும் சுத்தம் செய்தார்கள்.

மறுபடி என் வேலிக்கு

அவர்கள் கதையும் நம் கதையும் ஒன்று இல்லை. அவர்கள் தங்கள் நாட்டையே இழந்தவர்கள். அதை இங்கே ஒரு ஆட்டுத்தடத்தோடு சமமாக வைப்பது தப்பு. நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியை மட்டும்: என் பட்டாவுக்கு முந்தி இந்த மண்ணில் யார் யாருக்கு என்ன உரிமை இருந்தது?

இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஊர்க் கணக்கில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். மேய்ச்சல் தரை, மந்தைவெளி, வண்டிப்பாதை, ஓடைப் புறம்போக்கு என்று சர்வே எண்ணோடு இருக்கும். உங்கள் பழைய மூலப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். அப்புறம், தாளில் இல்லாததை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். 20 வருஷம் தடையில்லாமல், எல்லோரும் பார்க்க, உரிமையோடு நடந்து வந்த வழிக்கு நம்மூர்ச் சட்டத்திலும் பலம் உண்டு. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் அதைச் சொல்கிறது. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை எடுத்து ஊருக்கே திருப்பித் தர மாநில அரசுகள் திட்டம் போட வேண்டும் என்று 2011இல் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். ஓடைப் புறம்போக்கில் ஒரு கீற்று என் முள்கம்பிக்கு உள்ளே இருந்தது. பட்டாவைக் காட்டிப் பேசியவன் வேலியே பட்டாவைத் தாண்டித்தான் இருந்திருக்கிறது! ஆளைக் கூப்பிட்டு மேற்கு ஓரக் கல்லுக்கால்களைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டேன்.

போன தை மாசம் கீதாரிக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அறுப்பான வயலில் மூன்று ராத்திரி கிடை போட்டார். கிடைக்கூலி கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷத்துக்கும் பேசி முடித்தோம்: தாளடியில் மேய்ச்சல் அவருக்கு, கிடை எனக்கு, உளுந்து நிற்கும் வயலில் ஆடு இறங்கக் கூடாது. எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான். என் 34 வருஷ அனுபவத்துக்கு இது பெரிய மாற்றம்.

ஆனால் தடம் இன்னும் கண்மாய் வரை போகவில்லை. எனக்கு அடுத்த நிலத்துக்காரர் வேலி குறுக்கே நிற்கிறது. நல்ல மனுஷர். அந்த நிலத்தின் மேல் கடன் வாங்கியிருக்கிறார். தடம் அது இதுன்னு பேச்சு வந்தா வில்லங்கம் ஆயிடுமோன்னு பயப்படுகிறார். அந்தப் பயத்தை ஜனங்கள் மனசில் விதைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் அவரிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. பாதி வழியில் அடைத்த குழாய் மாதிரி, என் பக்கம் மட்டும் திறந்து பிரயோசனமும் இல்லை.

வரும் கிராமசபையில் இதைப் பேச மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கீதாரியும் வருகிறேன் என்றார், அன்றைக்கு ஆடு எந்த ஊரில் நிற்கிறதோ, அதைப் பொறுத்து.